ஹைப்ரிட் காரில் ‘இன்வெர்ட்டர் சூடு’ எச்சரிக்கை: கெட்டது சென்சாரா, பம்பா, இன்வெர்ட்டரா?

காராக் நெடுஞ்சாலையில் மேடு ஏறும்போது திடீரென்று சிவப்பு முக்கோண விளக்கு எரிகிறது. ‘ஹைப்ரிட் சிஸ்டத்தைச் சரிபார்க்கவும்’ என்று திரையில் ஒரு வரி. எவ்வளவு அழுத்தினாலும் கார் இழுக்க மறுக்கிறது. ஓரமாக நிறுத்தி, இருபது நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. மறுநாள் பட்டறைக்குக் கொண்டு போனால், சின்ன ஸ்கேனர் ஒன்றைச் செருகிப் பார்த்துவிட்டு, ‘இன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும்’ என்கிறார்கள். சொல்லும் தொகை பல ஆயிரம் வெள்ளி.

பழைய பிரியஸ், பிரியஸ் சி வைத்திருக்கும் பலருக்கு இந்தக் காட்சி புதிதல்ல. 2009 முதல் 2013 இறுதி வரை அரசாங்கம் ஹைப்ரிட் கார்களுக்கு இறக்குமதி வரி, கலால் வரிச் சலுகை கொடுத்தது. அந்த ஆண்டுகளில் மூன்றாம் தலைமுறை பிரியஸ், பிரியஸ் சி, ஹோண்டா இன்சைட், ஜாஸ் ஹைப்ரிட் எல்லாம் நம் சாலைகளில் நிறைய ஏறின. இன்று அவை பத்து ஆண்டுகளைத் தாண்டி, இரண்டாவது மூன்றாவது கைக்கு மாறி, தாமான் வீடுகளின் வாசலிலும் தோட்டத்துப் பக்கங்களிலும் நிற்கின்றன. பெட்ரோல் மிச்சம் என்று வாங்கியவர், இன்வெர்ட்டர் விலையைக் கேட்டதும் காரையே விற்றுவிடலாமா என்று யோசிக்கிறார்.

ஆனால் இன்வெர்ட்டர் தொடர்பான சூட்டு எச்சரிக்கைக்கு எப்போதும் இன்வெர்ட்டர்தான் காரணம் என்று இல்லை. உண்மையிலேயே சூடாகியிருக்கலாம்; அல்லது சூட்டை அளக்கும் சென்சார் தவறாகச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. பணம் மிச்சமாவதும் வீணாவதும் அந்த இடத்தில்தான்.

இன்வெர்ட்டர் என்ன செய்கிறது?

ஹைப்ரிட் காரின் பெரிய பேட்டரியில் இருப்பது நேர் மின்சாரம். சக்கரத்தைச் சுழற்றும் மோட்டாருக்குத் தேவை மாறு மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது இன்வெர்ட்டர். டொயோட்டாவின் அமைப்பில் அதே பெட்டிக்குள் மின்னழுத்தத்தை உயர்த்தும் கன்வெர்ட்டரும் உண்டு. மூன்றாம் தலைமுறை பிரியஸின் பேட்டரி 201.6 வோல்ட், அதைத் தேவைக்கேற்ப 650 வோல்ட் வரை உயர்த்துகிறார்கள். பிரியஸ் சி-யில் 144 வோல்ட் பேட்டரி, 520 வோல்ட் வரை உயரும்.

இந்த வேலையைச் செய்பவை ஐஜிபிடி எனப்படும் சிலிக்கான் சில்லுகள். ஒரு நொடிக்குப் பல ஆயிரம் தடவை மின்சாரத்தைத் திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் சிறிது வெப்பம் உண்டாகும். மேடு ஏறும்போது மின்னோட்டம் கூடுவதால் வெப்பமும் கூடும். அதைக் கொண்டு போவதற்கு இன்வெர்ட்டருக்கு என்றே தனிக் குளிர்நீர்ச் சுற்று இருக்கிறது: தனித் தொட்டி, தனி மின் பம்ப், முன்பக்கம் ரேடியேட்டரில் தனிப் பகுதி. எஞ்சின் குளிர்நீருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எஞ்சின் தொட்டியில் தண்ணீர் நிறைவாக இருப்பதைப் பார்த்துவிட்டு ‘கூலண்ட் எல்லாம் சரி’ என்று சொல்லிவிடும் பட்டறைகள் உண்டு. இரண்டாவது தொட்டியை அவர்கள் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

பெட்டிக்குள் பல இடங்களில் வெப்பநிலை சென்சார்கள் உள்ளன. மோட்டார்களுக்குள்ளும் உள்ளன. கணினி இவற்றைத் தொடர்ந்து படிக்கிறது. சூடு அதிகமானால் முதலில் மோட்டாரின் சக்தியைக் குறைக்கும். இன்னும் ஏறினால் நிறுத்திவிடும். சில்லுகள் கருகாமல் காப்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆக, கார் இழுக்க மறுத்தது என்றால் காவல்காரன் தன் வேலையைச் செய்திருக்கிறான். அவன் பார்த்தது உண்மையான தீயா, வெறும் நிழலா என்பதுதான் கேள்வி.

சென்சார் எப்படிப் பொய் சொல்கிறது?

பாடநூல்களில் சென்சாரை ‘உணரி’ என்று எழுதுவார்கள். நல்ல சொல்தான், ஆனால் பட்டறையில் போய் உணரி என்றால் யாருக்கும் புரியாது என்பதால் சென்சார் என்றே எழுதுகிறேன்.

வெளியே வயர் வைத்து இணைக்கப்படும் வெப்பநிலை சென்சார்களில் பெரும்பாலானவை தெர்மிஸ்டர் வகை. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். கணினி 5 வோல்ட் மின்சாரத்தை ஒரு நிலையான மின்தடை வழியாக அதற்கு அனுப்பி, நடுவில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று அளக்கிறது. சென்சார் குளிராக இருந்தால் மின்தடை அதிகம், வோல்ட்டும் அதிகம். சூடாக இருந்தால் இரண்டும் குறைவு.

இதிலிருந்து இரண்டு விஷயம் விளங்கும். வயர் அறுந்தாலோ சாக்கெட் கழன்றாலோ வோல்ட் 5-ஐ ஒட்டி நிற்கும். கணினிக்கு அது கடும் குளிராகத் தெரியும். ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி போன்ற ஓர் எண் வரும். மலேசியாவில் மைனஸ் 40 டிகிரி! அந்த எண்ணைப் பார்த்தவுடன் வயர் அறுந்திருக்கிறதா என்று தேடத் தொடங்கிவிடலாம். மாறாக, வயர் உரிந்து பாடியில் பட்டால் வோல்ட் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். அது கொதிக்கும் சூடாகத் தெரியும்.

கோளாறு எண்களும் இதே கணக்கில்தான் வைக்கப்பட்டுள்ளன. மோட்டார் இன்வெர்ட்டரின் வெப்பநிலை சென்சாருக்கு மூன்று எண்கள் உண்டு. பி0ஏஇஇ என்றால் சென்சார் சொல்வது நம்பும்படியாக இல்லை. பி0ஏஇஎஃப் என்றால் சிக்னல் மிகக் குறைவு. பி0ஏஎஃப்0 என்றால் சிக்னல் மிக அதிகம். இவை மூன்றும் சென்சார் பக்கத்துக் கோளாறுகள். பி0ஏ93 வேறு சாதி: இன்வெர்ட்டரின் குளிரூட்டல் சரியாக வேலை செய்யவில்லை என்று அது சொல்கிறது. அங்கே சென்சார் ஒழுங்காகத்தான் படித்திருக்கிறது. முதலில் சந்தேகிக்க வேண்டியது பம்ப், குளிர்நீர், ரேடியேட்டர்.

மலிவான ஸ்கேனரில் இந்த எண்களுக்குப் பக்கத்தில் ‘இன்வெர்ட்டர்’ என்ற சொல் மட்டும் பெரிதாகத் தெரியும். அதைப் படித்துவிட்டு இன்வெர்ட்டரை மாற்றச் சொல்வது, காய்ச்சலடிக்கிறது என்று சொன்னவனின் தலையை மாற்றச் சொல்வதுபோல. டொயோட்டா கார்களில் முக்கிய எண்ணோடு மூன்று இலக்கத் துணை எண் ஒன்றும் பதிவாகும். எந்தச் சென்சார், எந்த வகைக் கோளாறு என்று துல்லியமாகக் காட்டுவது அதுதான். சாதாரண ஸ்கேனரில் அது வராது. டொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம் மென்பொருளோ அதற்கு ஈடான கருவியோ வேண்டும். பட்டறையில் ‘துணை எண் என்ன?’ என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் வரும் விதத்திலேயே அவர்களுக்கு ஹைப்ரிட் எவ்வளவு தெரியும் என்பது தெரிந்துவிடும்.

விடியற்காலைச் சோதனை

செலவே இல்லாத, ஆனால் அதிகம் பேர் செய்யாத சோதனை இது. காரை இரவு முழுவதும் நிழலில் நிறுத்தி வையுங்கள். எட்டு மணி நேரமாவது ஓடாமல் இருக்க வேண்டும். காலையில் வெயில் படுவதற்கு முன், பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் மின்சாரம் மட்டும் வரும், கார் ‘ரெடி’ நிலைக்குப் போகாது. அப்போது ஸ்கேனரில் எல்லா வெப்பநிலை எண்களையும் ஒன்றாக எடுக்க வேண்டும்: இரண்டு மோட்டார்களின் இன்வெர்ட்டர் வெப்பநிலை, கன்வெர்ட்டர், இன்வெர்ட்டர் குளிர்நீர், இரண்டு மோட்டார்கள், வெளிக்காற்று.

இரவெல்லாம் ஆறிய காரில் இவை எல்லாமே ஒன்றையொன்று ஒட்டி இருக்க வேண்டும். வெளியே 26 டிகிரி என்றால் எல்லாம் 26, 27, 28 என்று நிற்கும். அவற்றில் ஒன்று மட்டும் 60 என்று காட்டினால் அந்தச் சென்சார் பொய் சொல்கிறது. ஆறிய பெட்டிக்குள் ஒரு மூலை மட்டும் சூடாக இருக்க வழியில்லை. ஒன்று மட்டும் மைனஸ் 40 என்றால் வயர் அறுந்த கதை. எல்லாமே ஒத்துப்போனால், சென்சார்கள் பெரும்பாலும் நல்லவை. அடுத்து குளிரூட்டலைப் பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. சில கார்களில் கணினி ஒரு சென்சாரை நம்பாமல் ஒதுக்கிவிட்டால், அதன் இடத்தில் தானாக ஒரு நிலையான எண்ணைப் போட்டுக்கொள்ளும். அது நல்ல எண் போலவே தெரியும். அதனால் கோளாறு பதிவானபோது கணினி சேமித்து வைத்த பழைய எண்களையும் எடுத்து ஒப்பிட வேண்டும். அதற்கு முன்பே கோளாறு எண்ணை அழித்துவிட்டால் அந்தத் தடயமும் சேர்ந்து போய்விடும். ‘அழித்துப் பார்ப்போம், திரும்ப வருகிறதா பார்ப்போம்’ என்பது பல பட்டறைகளின் வழக்கம். எழுதி வைக்காமல், படம் எடுக்காமல் அழிக்க விடாதீர்கள்.

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. ஒருவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் எண்களைப் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் பார்க்கக் கூடாது. உண்மையான வெப்பம் படிப்படியாக ஏறும், படிப்படியாக இறங்கும். மேட்டில் கூடும், சமதளத்தில் குறையும். 45-லிருந்து கண் இமைக்கும் நேரத்தில் 120-க்குப் போய், ஒரு குழியில் இறங்கியதும் மீண்டும் 45-க்கு வந்தால் அது வெப்பம் அல்ல, வயர். இரும்பும் தண்ணீரும் அப்படித் தாவாது. குளிர்நீர் ஓடவில்லை என்றாலோ எல்லா எண்களும் ஒன்றுசேர்ந்து ஏறிக்கொண்டே போகும்.

எச்சரிக்கை எப்போது வருகிறது என்று குறித்து வைப்பதும் உதவும். மலையேற்றத்திலும் நண்பகல் நெரிசலிலும் மட்டும் வந்தால் பம்ப், குளிர்நீர் பக்கம் சந்தேகம் போக வேண்டும். மழைக்குப் பிறகு, கார் கழுவிய பிறகு, மேடுபள்ளமான எஸ்டேட் சாலையில் குலுங்கும்போது வந்தால் சாக்கெட், வயர் பக்கம்.

பம்ப், குளிர்நீர், ரேடியேட்டர்

குளிரூட்டலில் முதலில் தேய்வது பம்ப். இரண்டாம் தலைமுறை பிரியஸில் இன்வெர்ட்டர் மின் பம்பு பேர்போன பலவீனம். 2012 நவம்பரில் டொயோட்டா உலக அளவில் அறிவித்த திரும்பப் பெறும் நடவடிக்கையில் அதுவும் இருந்தது. அந்தக் காரில் சோதனை எளிது: இன்வெர்ட்டர் தொட்டியின் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்து, மின்சாரம் வந்ததும் உள்ளே தண்ணீர் அலைகிறதா என்று பார்த்தால் போதும். அசையாமல் கிடந்தால் பம்ப் ஓடவில்லை, அல்லது பம்புக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது. மூன்றாம் தலைமுறையில் பம்பின் வேகத்தைக் கணினியே கவனிக்கிறது. ஸ்கேனரில் அந்த எண்ணைப் பார்க்கலாம். பம்பின் விலை, இன்வெர்ட்டர் விலையின் பக்கத்தில்கூட வராது.

காற்றடைப்பு நம் ஊரில் அடிக்கடி நடப்பது. குளிர்நீர் மாற்றிய பிறகு சுற்றிலிருந்து காற்றை முழுமையாக வெளியேற்ற வேண்டும். எஞ்சின் பக்கம் செய்துவிட்டு இன்வெர்ட்டர் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். பம்ப் காற்றைத் தள்ளிக்கொண்டு வீணாகச் சுற்றும். ‘சர்வீஸ் செய்த மறுவாரமே எச்சரிக்கை வந்தது’ என்றால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும். பைப் தண்ணீரை ஊற்றும் பழக்கமும் வேண்டாம். டொயோட்டா பயன்படுத்துவது இளஞ்சிவப்பு நிறத்தில் முன்பே கலந்து வரும் குளிர்நீர். பைப் தண்ணீரில் உள்ள தாதுக்கள் மெல்லிய குளிரூட்டும் பாதைகளில் படியும்.

செம்பனைத் தோட்டச் சாலைகளில் தினமும் ஓடும் காராக இருந்தால் ரேடியேட்டரின் முகப்பையும் பாருங்கள். தூசி, காய்ந்த இலை, பூச்சி எல்லாம் ஏ.சி. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் அடைந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

ஹோண்டா இன்சைட், ஜாஸ் ஹைப்ரிட் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன தண்ணீர்க் கதை பொருந்தாது. அந்தத் தலைமுறை ஹோண்டாவில் பேட்டரியும் மின் பெட்டியும் காரின் பின்பக்கம் ஒன்றாக இருக்கும், குளிரூட்டுவது காற்று. காற்று போகும் வழியைத் துணி, பை, குழந்தையின் பொருள்கள் அடைத்திருக்கிறதா, விசிறி சுற்றுகிறதா, தூசி நிறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சென்சார்தான் என்று தெரிந்தால்

இங்கேதான் கொஞ்சம் கசப்பான செய்தி. இன்வெர்ட்டர் பெட்டிக்கு உள்ளே பதிக்கப்பட்ட சென்சார் தனி உதிரிப்பாகமாக விற்பனைக்கு வருவதில்லை. அது உண்மையாகவே கெட்டிருந்தால், தயாரிப்பாளரின் வழிமுறைப்படி முழுப் பெட்டியைத்தான் மாற்ற வேண்டும். அதனால்தான் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் மற்ற எல்லாவற்றையும் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மோட்டார் சென்சார்கள் போல வயரும் சாக்கெட்டும் வெளியே உள்ளவற்றுக்கு வேறு வழி உண்டு. தெரிந்த மெக்கானிக், உயர் மின்னழுத்தத்தை முறையாகத் துண்டித்த பிறகு, சாக்கெட்டைக் கழற்றிப் பச்சைப் பூஞ்சை பிடித்திருக்கிறதா, ஊசி வளைந்திருக்கிறதா, தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு சென்சாரின் மின்தடையை மீட்டரில் அளந்து, அன்றைய வெப்பநிலைக்கு உரிய அளவோடு கையேட்டில் ஒப்பிடுவார். சாக்கெட் கழன்றிருக்கும்போது கணினியில் கடும் குளிர் எண் வர வேண்டும். வயர் பக்கத்து இரண்டு முனைகளை இணைத்தால் கடும் சூட்டு எண் வர வேண்டும். இரண்டும் வந்தால் வயரும் கணினியும் நலம், சென்சார்தான் கெட்டது. எண் அசையவே இல்லையென்றால் கோளாறு வயரில் அல்லது கணினியில்.

வயர் கெடுவதற்கு நம் நாட்டில் இரண்டு காரணங்கள் எப்போதும் உண்டு. ஒன்று எலி. தரை வீடுகளிலும் தோட்டத்து வீடுகளிலும் இரவில் சூடான பானெட்டுக்குள் புகுந்து வயரைக் கடித்துவிடும். மற்றொன்று வெள்ளம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா உட்பட கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை கார்கள் மூழ்கின என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீரில் நின்ற கார் கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்திருந்தால், சாக்கெட்டுகளின் அரிப்பு ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். பழைய ஹைப்ரிட் வாங்கும் முன் இருக்கைக்கு அடியில் உள்ள இரும்புச் சட்டம், சீட் பெல்ட்டின் கடைசி முனை, பூட்டில் ஸ்பேர் டயர் குழி ஆகியவற்றில் சேறும் துருவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பலவீனமான 12 வோல்ட் பேட்டரியும் விசித்திரமான கோளாறு எண்களைக் கிளப்பும். எதையும் மாற்றுவதற்கு முன் அதை அளந்துவிடுவது நல்லது.

இன்வெர்ட்டர் உண்மையாகவே கெட்டுப்போவதும் உண்டு. 2014 பிப்ரவரியில் டொயோட்டா மூன்றாம் தலைமுறை பிரியஸ் 19 லட்சத்தை உலக அளவில் திரும்ப அழைத்தது. மின்னழுத்தத்தை உயர்த்தும் பகுதியின் சில்லுகள் அதிகச் சூட்டில் சேதமடையக்கூடும் என்பதால் மென்பொருளை மாற்றினார்கள். 2018 அக்டோபரில் இன்னொரு திரும்ப அழைப்பு, சுமார் 24 லட்சம் கார்கள். உங்கள் கார் அவற்றில் அடங்குமா, வேலை செய்யப்பட்டதா என்பதைச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து அதிகாரபூர்வ விற்பனை மையத்தில் கேட்கலாம். மலிவாகக் கிடைக்கும் ‘ஹாஃப் கட்’ இன்வெர்ட்டரை வாங்குகிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்: கழற்றி வந்த பெட்டியில் பழைய மென்பொருளே இருக்கலாம். பாக எண் ஒத்துப்போகிறதா என்பதோடு இதையும் கேளுங்கள்.

கையை வைக்கக் கூடாத இடம்

யூடியூப் பார்த்து வீட்டில் கழற்றும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடாதீர்கள். அதில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் ஓடுகிறது. பயிற்சி பெற்றவர்கள்கூட 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றி, பின்பக்கம் உள்ள சர்வீஸ் பிளக்கை எடுத்து, குறைந்தது 10 நிமிடம் காத்திருந்து, உயர் மின்னழுத்தத்துக்கு உரிய ரப்பர் கையுறையோடு மீட்டரில் பூஜ்ய வோல்ட்டை உறுதிசெய்த பிறகே திறக்கிறார்கள். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் மின்தேக்கிகள் காரை அணைத்த பிறகும் சிறிது நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ‘ரெடி’ விளக்கு எரியும் கார் சத்தமே போடாது. ஆனால் எஞ்சின் எந்த நொடியிலும் தானாக ஓடத் தொடங்கும். தொட்டியின் நீர் மட்டம், முகப்புத் தூசி, ஸ்கேனர் எண்கள்: வீட்டில் நாம் பார்க்க வேண்டியது இவ்வளவுதான்.

பட்டறையிடம் கேட்க வேண்டியவை

வேலையைத் தொடங்கும் முன் எழுத்துப்பூர்வமான விலை மதிப்பீடு கேளுங்கள். கோளாறு எண், துணை எண், சேமிக்கப்பட்ட வெப்பநிலை எண்கள் ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பம்ப் ஓடுகிறதா என்று எப்படிச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள்; தர மறுத்தால் காரணம் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நம்மவர்கள் பலர், தெரிந்த அண்ணன் பட்டறை என்பதற்காக ரசீதுகூட வாங்குவதில்லை.

தேவையில்லாத பாகத்தை மாற்றிப் பணம் வாங்கிவிட்டார்கள், பழைய கோளாறு அப்படியே இருக்கிறது என்றால், மலேசியாவில் பயனீட்டாளர் கோரிக்கை தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் அந்தத் தீர்ப்பாயம் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. கோரிக்கைக்கான காரணம் எழுந்த 3 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். அங்கே கேட்கப்படுவது ரசீது, மதிப்பீடு, படங்கள். வாயால் சொன்ன விலைக்கு அங்கே எடை குறைவு.

பழுது பார்த்து முடிந்து கார் வீட்டுக்கு வந்ததும், மறுநாள் விடியற்காலையில் அதே சோதனையை மீண்டும் ஒருமுறை செய்து எண்களை எழுதி வையுங்கள். எல்லாம் வெளிக்காற்றின் வெப்பநிலையை ஒட்டி இருக்க வேண்டும். பிறகு முன்பு நின்றுபோன அதே மேட்டில் ஒரு முறை ஏற்றிப் பாருங்கள்.